'ஆளில்லாத் தீவு' என்னும் பிரதி

மன்னார் வளைகுடாத் தீவுகளைப் பற்றி அச்சாகியிருக்கும் எதை எடுத்தாலும் – துண்டுப் பிரசுரம், ஆய்வறிக்கை, சுற்றுலாக் கையேடு – முதல் பாராவிலேயே ஒரு தொடர் வந்து உட்கார்ந்துகொள்கிறது: 'மனிதர் வசிக்காத 21 தீவுகள்'. இதை ஒரு கவிதை வரிபோல நிறுத்தி வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு வேறென்ன தெரியும்? வாசித்ததில் இரண்டு பொய்கள் அகப்பட்டன.

முதல் பொய் எண்ணில் இருக்கிறது. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் இருந்த விலங்குசல்லியும் கீழக்கரைப் பக்கம் இருந்த பூவரசன்பட்டியும் கடலுக்குள் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. மிச்சம் 19. ஆனால் அரசாங்கத் தாளில் 21 என்றால் 21தான். முங்கிப்போன இரண்டும் பெயரோடு, குழு வாரியாக, வரிசை எண்ணோடு பட்டியலில் இருக்கின்றன. இரண்டாவது பொய் 'மனிதர் வசிக்காத' என்பது. அந்தப் பொய்யை நிரூபிப்பது இவ்வளவு சுலபமில்லை, ஏனென்றால் அது சட்டப்படி உண்மை! அங்கே வீடில்லை, ரேஷன் கார்டு இல்லை, வாக்குச்சாவடி இல்லை. இரவில் தங்காதவர் இல்லாதவர் என்பது அரசின் இலக்கணம். ஆக, இல்லாத தீவுக்குப் பட்டியலில் இடமுண்டு, இருக்கிற மனிதருக்கு இல்லை. இந்தக் கணக்கு எப்படி எழுதப்பட்டது, யாருக்குப் பயன்படுகிறது என்பதைக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. 'இயற்கைப் பாதுகாப்பு' என்ற சொல்லை நம் பக்கத்துச் சொல் என்று யோசனையே இல்லாமல் ஏற்றுக்கொண்டுவிட்ட நண்பர்களோடுதான் முக்கியமாகப் பேச்சு.

பூகோளத்தைச் சொல்லிவிடுகிறேன். பாம்பனுக்குத் தெற்கே தொடங்கி தூத்துக்குடி வரை, கரையிலிருந்து எட்டுப் பத்து கிலோமீட்டருக்குள், அறுந்த மணிச்சரம்போலக் கிடக்கின்றன இந்தத் தீவுகள். மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என்று நான்கு குழுக்கள். மலையும் இல்லை மேடும் இல்லை. செத்த பவளத்தின் உடைசலும் மணலும் சேர்ந்து, கடல்மட்டத்துக்குச் சில அடி மேலே தலைகாட்டுகிற திட்டுகள். சுற்றிலும் உயிருள்ள பவளப்பாறை, அதற்கும் கரைக்கும் நடுவில் கடற்புல் தரை. கடற்புல்லை மேய வருவது ஆவுளியா – பாடப்புத்தகம் 'கடல் பசு' என்று சொல்கிற பிராணி. பாறை அலையை உடைக்கிறது. பாறைக்குப் பின்னால் தீவு நிற்கிறது, தீவின் மறைவில் கரை கிடக்கிறது. பாறையை எடுத்தால் தீவு போகும், தீவு போனால் கரை போகும். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. எனக்கும் கிடையாது.

இனிப் பெயர்களுக்கு வருவோம். நல்லதண்ணித் தீவு. உப்புத்தண்ணித் தீவு. இந்த இரண்டையும் அடுத்தடுத்து ஒருமுறை உச்சரித்துப் பாருங்கள். ஊற்றுத் தோண்டிக் குடித்துப் பார்த்தவர் வைக்காமல் இந்தப் பெயர்கள் எப்படி வரும்? கொக்கும் ஆமையுமா வைத்தன? ஆனைப்பார் என்பதில் உள்ள 'பார்', மீன் அண்டும் கடலடிப் பாறைக்குக் கடற்காரர் வைத்திருக்கும் சொல். பூவரசன்பட்டியில் ஒரு மரமும் ஒரு பட்டியும் இருக்கின்றன. ஆட்டுப்பட்டியோ மனுஷப்பட்டியோ, இரண்டுமே ஆள் இல்லாமல் நடக்காது. தலையாரித் தீவு என்று ஒன்று. எதைக் காவல் காத்தான் அந்தத் தலையாரி? காரைச்சல்லியில் வரும் 'காரை' முட்செடியாகவும் இருக்கலாம், சுண்ணாம்புச் சாந்தாகவும் இருக்கலாம். சல்லி, உடைந்த கல். மண்டபம் பக்கத்துக் குருசடைத் தீவின் பெயரில், பரதவர் ஊர்களின் முனையில் சிலுவை நட்டிருக்கும் 'குருசடி'யைத்தான் என் காது கேட்கிறது. குருசு போர்த்துகீசியச் சொல். 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த மதத்தோடு வந்தது. சொல்லாராய்ச்சியில் பிழை இருந்தால் திருத்துங்கள், எனக்கு வருத்தமில்லை. நான் சொல்ல வருவது வேறு: இந்தப் பெயர்ப்பட்டியலே ஒரு குடிவழக்குப் பதிவேடு. தண்ணீர் எங்கே கிடைக்கும், கல் எங்கே கிடக்கும், மீன் எங்கே அண்டும், எங்கே சாமி கும்பிடலாம் – எல்லாம் எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பெயர்களையே தலைப்பாகப் போட்டுக்கொண்டு, கீழே 'மனிதர் வசிக்காத' என்று எழுதுகிற பேனாவைப் பார்த்துச் சிரிப்பதா, பயப்படுவதா?

தொல்காப்பியம் கருப்பொருளை அடுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. நெய்தல் என்பது இத்தனையும் சேர்ந்ததுதான். மரமும் புள்ளும் இருந்து தொழிலும் பறையும் இல்லாத ஒரு திணையை அந்த இலக்கணத்தில் எழுதவே முடியாது. தேசியப் பூங்கா என்ற பிரதி என்ன செய்கிறது? இந்தப் பட்டியலை வாங்கி விலங்கு, மரம், பறவை மூன்றுக்கும் டிக் அடித்துவிட்டு மற்றதையெல்லாம் கோடு போட்டு அடிக்கிறது. உடனே 'பார்த்தீர்களா, நம் முன்னோர் அன்றே சூழலியல் சொன்னார்கள்' என்று யாராவது கிளம்பிவிடக் கூடாது. அந்தப் பெருமிதத்தில் எனக்குப் பங்கில்லை. திணை மனிதரை நிலத்தோடு சேர்த்தது என்றால், இன்னாருக்கு இன்ன தொழில் என்று அதே கயிற்றால் கட்டியும் போட்டது. பரதவர் வாழ்வைக் கரையில் நின்று பார்த்து எழுதிய புலவர்களில் எத்தனை பேர் கட்டுமரம் ஏறினார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. எனக்கு வேண்டியது அந்தச் சட்டகம் மட்டும்: நிலத்தை ஆள் இல்லாமல் யோசிப்பது எல்லாக் காலத்திலும் எல்லோருக்கும் இயல்பாக இருந்ததில்லை. அது எங்கேயோ, யாராலோ உற்பத்தி செய்யப்பட்டது.

எங்கே? ஐரோப்பியப் புனைவில் அதற்கு ஒரு பிறந்த தேதியே உண்டு. 1719இல் டேனியல் டீஃபோ எழுதிய 'ராபின்சன் குரூசோ'. ஆளில்லாத தீவு, ஒற்றை வெள்ளையன், அவன் போடும் வேலி, அவன் எழுதும் கணக்கு. ஒருநாள் மணலில் ஒரு மனிதக் காலடித் தடத்தைப் பார்த்துவிட்டு அவன் நடுங்கிப்போகிறான். தனியாகக் கிடந்து தவித்தவன் மனிதச் சுவடு கண்டால் சந்தோஷம் அல்லவா பட வேண்டும்? ஆனால் தீவு ஏற்கெனவே அவன் 'சொத்து' ஆகிவிட்டது. சொத்தில் அடுத்தவன் கால்.

நம்மூரில் அந்த வேலியைப் போட்டது அறிவியல். எட்கர் தர்ஸ்டனை நமக்குத் தெரியும் – சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர், 1909இல் ஏழு தொகுதிகளாகத் 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' வெளியிட்டவர். கருவியும் கையுமாக மனிதர்களின் மண்டையையும் மூக்கையும் அளந்தவர். அதே தர்ஸ்டன்தான் 1890இல் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பையும் கடலுயிர்களையும் பற்றி எழுதியவர். ஒரே கை, ஒரே அளவுகோல், ஒரே அலமாரி. பவளமும் பரவரும் அவருக்கு 'வகை மாதிரிகள்'. அவருக்குப் பின் ஜேம்ஸ் ஹார்னெல் சங்கைப் பற்றி 1914இல் தனிப் புத்தகமே போட்டார். 1927இல் கிரேவ்லி பதிப்பித்த, குருசடைத் தீவின் கரையோர உயிரினங்கள் பற்றிய அருங்காட்சியக வெளியீடு வந்தது. அதற்கப்புறம் குருசடை, விலங்கியல் மாணவர்களுக்குத் திருத்தலம் ஆகிவிட்டது. முதுகெலும்பு உள்ளதற்கும் இல்லாததற்கும் நடுவில் நிற்கிற பலனோகுளோசஸ் என்ற புழுவைத் தேடி எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வந்தார்கள்.

இந்த எழுத்துக்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவை இல்லையென்றால் இன்று என்ன அழிந்தது என்று சொல்லக்கூட நம்மிடம் கணக்கு இருக்காது. ஆனால் ஒன்று கவனியுங்கள். சங்கு எடுக்க மூச்சைப் பிடித்து இறங்கிய கீழக்கரை முஸ்லிம்களும் தூத்துக்குடிப் பரதவரும் அந்தக் கடலடியை அங்குலம் அங்குலமாக அறிந்தவர்கள். அவர்கள் எடுத்த சங்குதான் வங்காளம் போய் வளையலானது. சங்கும் முத்தும் அரசின் ஏகபோகம் – ஒரு காலத்தில் நாயக்கரும் சேதுபதியும் டச்சுக்காரரும் பங்கு கேட்டுச் சண்டை போட்ட வருமானம். பிறகு கம்பெனி, பிறகு ராஜதானி, பிறகு தமிழ்நாடு அரசு. தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. இத்தனை நூற்றாண்டும் அந்தத் தண்ணீரில் ஆள் இருந்தது, கூலியாக இருந்தது. கணக்குப் புத்தகத்தில் இருந்த கூலி, காப்பகப் புத்தகம் எழுத ஆரம்பித்ததும் காணாமல் போய்விட்டது. இதில் இயற்கை எங்கே வருகிறது? வருவது புத்தக மாற்றம்.

1986இல் 560 சதுர கிலோமீட்டரில் கடல்வாழ் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 1989இல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம். 2001இல் யுனெஸ்கோ வலையமைப்பில் இடம். பெயர்ப்பலகை பெரிதாகிக்கொண்டே போனது. 1972ஆம் வருடத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் சரணாலயத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சரணாலயமானால், இருந்துவரும் சில உரிமைகளைத் தொடர ஆட்சியர் அனுமதிக்க இடமிருக்கிறது. பூங்காவானால் உரிமை அத்தனையும் அரசிடம் வந்து சேர்ந்தாக வேண்டும். கடற்பகுதியைச் சேர்க்கும்போது உள்ளூர் மீனவரின் தொழில் நலனைக் காக்க வழிசெய்ய வேண்டும் என்ற வரி 1991 திருத்தத்தில்தான் வந்தது. பூங்கா அறிவிப்பு அதற்கு ஐந்து வருடம் முந்தியது! புலிக்காட்டுக்கு எழுதிய சட்டத்தை அப்படியே தண்ணீரில் இறக்கியிருக்கிறார்கள்.

எல்லை எது தெரியுமா? தீவிலிருந்து கரைப்பக்கம் மூன்றரை பாகம் ஆழம், ஆழ்கடல் பக்கம் ஐந்து பாகம் ஆழம் வரை. 'பாகம்' என்று நான் வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். சட்டத்தில் இருப்பது ஆங்கில அளவு. நம் கடற்காரர் இரண்டு கையையும் விரித்து அளக்கிற அதே அளவு. கோட்டின் மொழி கூட அவர்களுடையதுதான், கோடு மட்டும் அவர்களுடையதில்லை. மணல் நகர்ந்தால் ஆழம் மாறும், ஆழம் மாறினால் எல்லை மாறும், எல்லை மாறினால் நேற்றுத் தொழிலாளியாக இருந்தவள் இன்று குற்றவாளி.

'அவள்' என்று சொல்ல வேண்டியது இங்கேதான். தீவுகளோடு இன்றைக்கும் உடம்பால் உறவு வைத்திருப்பவர்களில் முக்கியமானவர்கள் பாசி எடுக்கும் பெண்கள். பாம்பன், மண்டபம் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து விடியலில் வள்ளம் ஏறி, தீவோரப் பாறைகளில் இறங்கி, மூச்சைப் பிடித்து முங்கி, கையால் பறித்து, இடுப்பில் கட்டிய பையில் போடுகிறார்கள். கண்ணில் கண்ணாடி, விரல்களில் துணிச்சுற்று, காலில் தகடோ தேய்ந்த செருப்போ. பவளம் கிழித்த தழும்பு இல்லாத விரலை நான் அங்கே பார்க்கவில்லை. அவர்கள் எடுப்பதில் ஒன்று மரிக்கொழுந்துப் பாசி, ஒன்று கஞ்சிப்பாசி, ஒன்று கட்டக்கோரை. இதில் மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் அகர் ஆகின்றன. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிலிருந்து அகர் வரத்து நின்றபோது இந்தியா தன் கரையில் தேட ஆரம்பித்தது, அறுபதுகளுக்குப் பிறகு அது தொழிலாக வளர்ந்தது. ஐஸ்கிரீமுக்குப் போகிறது, மாத்திரைக்குப் போகிறது, ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கிற கண்ணாடித் தட்டில் கூழாகவும் போகிறது. மனிதர் வசிக்காத தீவுகளைப் பற்றி எழுதுகிற விஞ்ஞானியின் மேசைக்கு அந்தக் கைகள் தினமும் வந்துபோகின்றன, அவருக்குத்தான் அது தெரிவதில்லை.

பூங்கா வந்தபின் இந்தப் பெண்களின் வேலை 'அத்துமீறல்' ஆனது. படகைப் பிடிப்பது, பாசியைப் பறிமுதல் செய்வது, அபராதம் – இந்த வரிசை எல்லாக் காப்பகங்களிலும் ஒன்றுதான், தனியாக விவரிக்க ஒன்றுமில்லை. விவரிக்க வேண்டியது அதற்கு அவர்கள் சொன்ன பதில். மாதத்தில் 12 நாள் மட்டும் இறங்குவது, அமாவாசை பௌர்ணமியை ஒட்டி. மீன்பிடித் தடைக்காலத்தில் போகாமல் இருப்பது. இரும்புக் கரண்டியால் சுரண்டாமல் கையால் பறிப்பது, அடியை விட்டுவிடுவது. இதெல்லாம் அவர்களே கூடிப் பேசி வைத்துக்கொண்ட விதி. இதை எந்த அறிவிக்கையும் சட்டம் என்று ஏற்றுக்கொள்ளவில்லை. 2015இல் சின்னப்பாலத்துப் பெண் ஒருவருக்கு அமெரிக்காவிலிருந்து 'சீகாலஜி' பரிசு வந்தது. உலகத்தின் தீவுகளைக் காப்பாற்றப் பாடுபடுகிறவர்களுக்குத் தரும் பரிசு. யோசித்துப் பாருங்கள்: ஒரு தாளில் தீவைக் காத்தவர், இன்னொரு தாளில் தீவில் இல்லவே இல்லாதவர்!

பாம்பன் பக்கம் ஒரு மதியம், பாசி காயப்போட்டிருந்த அக்கா ஒருவரிடம் அந்தப் பிரசுரத்து வரியைப் படித்துக் காட்டினேன். 'ஆளு இல்லன்னு யாரு எழுதுனாக தம்பி? நாங்க என்ன ஆவியா?' என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த பக்கத்தைப் படிக்கச் சொன்னார். அடுத்த பக்கம் 'மனித நடவடிக்கைகளால் ஏற்படும் அச்சுறுத்தல்கள்' என்று தொடங்கியது. அவர் சிரிக்கவில்லை. 'அப்ப ஆளு இருக்கம்ல. கெடுக்குறதுக்கு மட்டும் இருக்கம்' என்றார்.

பூக்கோவை மேற்கோள் காட்டி நான் நான்கு பக்கம் எழுதியிருக்கக்கூடியதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். இந்தப் பிரதியில் மனிதர் வசிப்பவராக வருவதில்லை, தொந்தரவாக மட்டும்தான் வருகிறார். அந்த 'மனித' என்ற பெயரடை செய்கிற வேலை அதைவிட மோசம். சுண்ணாம்புக்கும் கார்பைடுக்கும் பவளத்தை லோடு லோடாக வாங்கிய ஆலையும் மனிதன், இடுப்புப் பையில் பாசி போட்டவளும் மனிதன். அனல்மின் நிலையத்துச் சாம்பலும் மனித நடவடிக்கை, கடற்புல்லைச் சுரண்டிப்போகும் இழுவலையும் மனித நடவடிக்கை, விரல் கிழிந்து பறித்த மரிக்கொழுந்தும் மனித நடவடிக்கை. வர்க்கம், சாதி, பால் எல்லாம் கரைந்து ஒரே 'மானுடம்' ஆகிவிடுகிறது. மானுடம் என்ற சொல் இவ்வளவு வசதியாக வேறெங்கும் பயன்பட்டதில்லை.

இந்த இடத்தில் என் பக்கத்து நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 'கடலோர மக்கள் இயற்கையின் குழந்தைகள், அவர்கள் கெடுக்கவே மாட்டார்கள்' என்கிற பேச்சு அந்தப் பிரசுரத்தின் மறுபக்கம்தான். விலங்குசல்லி எப்படி முங்கியது? பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டியெடுத்தது அதற்குப் பெரிய காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வெட்டியது யார் கை? நம்மாள் கைதான். கூலிக்கு வெட்டினான், வள்ளத்தில் ஏற்றினான், சூளைக்குக் கொடுத்தான். வெடி போட்டு மீன் பிடித்ததும் நடந்தது. ஆவுளியாவைத் தின்றதும் நடந்தது. 2001இல் பவளமும் கடலட்டையும் சட்டத்தின் முதல் அட்டவணைக்குப் போயின, அதாவது புலிக்குள்ள பாதுகாப்பு. பவளம் வெட்டுவது அதற்குப் பிறகும் சில வருடம் நடந்து, 2005 வாக்கில்தான் ஓய்ந்தது. வெட்டு நின்றது நல்லது, நிற்கத்தான் வேண்டும். ஆனால் வெட்டின கைக்கு வழக்கு, வாங்கின ஆலைக்கு? கடலட்டையை முற்றாகத் தடைசெய்த அதே வருடத்தில், அதையே நம்பி முங்கியவர்களுக்கு மாற்று என்ன என்று கேட்ட தமிழ்ச் சிறுபத்திரிகைக் கட்டுரை ஒன்றாவது உண்டா? என் வாசிப்புக்கு எட்டியவரை இல்லை. நாம் அப்போது பின்நவீனத்துவம் செத்ததா இருக்கிறதா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

தூரக் கணக்கு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொண்ணூறுகளில் தந்த அனுமதியிலேயே, சூழல் நுட்பமான பகுதியிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. தூத்துக்குடிக் குழுத் தீவுகள் அந்த 25க்குள் இருக்கின்றன. 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னபோது இதையும் ஒரு காரணமாகச் சொன்னது. 2013இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, 100 கோடி ரூபாய் கட்டச் சொல்லி ஆலையை ஓடவிட்டது. 2018 மே மாதம் 13 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகுதான் அது மூடப்பட்டது. கிலோமீட்டர் கணக்கு வளைகிறது, பாகக் கணக்கு வளைவதில்லை. 2005இல் சேது சமுத்திரக் கால்வாய்க்குத் தொடக்க விழா நடத்தி, தூர்வாரும் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தியபோது இதே உயிர்க்கோளக் காப்பகம் எங்கே போயிருந்தது என்று கேட்பது அநாகரிகமாகத் தெரியலாம். கேட்டு வைக்கிறேன்.

இன்னொன்று பாசிக்கதையிலேயே வருகிறது. கப்பாஃபைகஸ் என்றொரு அந்நியப் பாசியைத் தொண்ணூறுகளில் அரசு ஆய்வு நிறுவனமே மண்டபம் பக்கம் கொண்டுவந்து வளர்த்துப் பார்த்தது. 2000க்குப் பிறகு ஒரு பன்னாட்டுக் குளிர்பான நிறுவனம் அதைப் பெரிய அளவில் எடுத்துச் செய்தது. காட்டுப்பாசி எடுக்காதே, இதை வளர்த்துப் பிழை என்று அதே பெண்களுக்கு அறிவுரையும் சொல்லப்பட்டது. 2008இல், அந்தப் பாசி குருசடைத் தீவின் உயிருள்ள பவளத்தின்மேல் படர்ந்து மூடியிருப்பதை ஆய்வாளர்கள் எழுதினார்கள். பலனோகுளோசஸ் தேடிப்போன அதே குருசடை. தீவுக்குள் பெண்கள் போகக் கூடாது, பாசி போகலாம்.

இது நம்மூர்ச் சங்கதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். இதே இலக்கணம் முழுக் கொடூரத்தோடு எழுதப்பட்ட இடம் இந்துமாக்கடலின் நடுவில் இருக்கிறது: சாகோஸ். தென்னந்தோட்டத்துக்கு அடிமைகளாகவும் கூலிகளாகவும் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர், இந்தியர்களின் சந்ததி அங்கே ஒரு மக்களாக வாழ்ந்தது. டீகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் வர வேண்டும் என்பதற்காக 1968க்கும் 1973க்கும் இடையில் பிரிட்டன் அவர்கள் அத்தனை பேரையும் கப்பலேற்றி மொரீஷியஸிலும் செஷல்ஸிலும் இறக்கியது. வளர்த்த நாய்களைப் புகையடைத்துக் கொன்றார்கள். 'நிரந்தரக் குடிகள் யாருமில்லை, ஒப்பந்தத் தொழிலாளிகள்தான்' என்று தாளில் எழுதிக்கொண்டார்கள். 2010 ஏப்ரலில் அதே பிரிட்டன் அந்தக் கடலை உலகத்தின் மிகப் பெரிய கடல் காப்பகங்களில் ஒன்றாக அறிவித்தது! காப்பகம் அறிவித்துவிட்டால் பழைய குடிகள் திரும்பி வருவது கஷ்டம் என்று அதிகாரிகள் பேசிக்கொண்டதாகச் சொல்லும் அமெரிக்கத் தூதரகத் தந்தி அதே வருடக் கடைசியில் விக்கிலீக்ஸ் வழியாக வெளியானது. கடற்சட்ட ஒப்பந்தத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றம் 2015இல் அந்தக் காப்பக அறிவிப்பு விதிமீறல் என்றது. ராணுவத் தளம் மட்டும் காப்பகத்துக்கு இடைஞ்சலாக ஒருநாளும் கருதப்படவில்லை. 2021 அக்டோபரில் ஓட்டைப் படகில் தத்தளித்த ஈழத்தமிழர் சிலபேர் அங்கே கரையேற்றப்பட்டு, 2024 வரை கூடாரங்களில் அடைத்து வைக்கப்பட்டார்கள். ஆளில்லாத தீவில் ஆள் வந்தால் என்ன பெயரிட்டு அழைப்பது என்று அந்த நிர்வாகத்துக்கு மூன்று வருடம் புரியவில்லை.

சாகோஸையும் பாம்பனையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். இங்கே யாரையும் கப்பலேற்றவில்லை. வாக்கியத்தின் அமைப்பு ஒன்று என்பதுதான் என் வாதம்: முதலில் 'யாருமில்லை' என்று எழுது, பிறகு 'காப்பாற்று'. வரிசை மாறினால் வேலை நடக்காது.

தமிழ் அரசியலுக்குத் தீவு என்றால் ஒன்றே ஒன்றுதான் தெரியும் – கச்சத்தீவு. 285 ஏக்கர், 1974 ஒப்பந்தம், ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு முழக்கம். அதுவும் ஆளில்லாத் தீவுதான், அந்தோணியார் திருவிழாவுக்கு மட்டும் இரண்டு கரையிலிருந்தும் படகு படகாக ஆள் வரும். கைவிட்டுப்போன அந்த ஒன்றுக்காகக் குரல் தழுதழுக்கிற கட்சிகளில் எதற்காவது, கையில் இருக்கிற பத்தொன்பதின் பெயர் தெரியுமா? முங்கின இரண்டின் பெயர்?

சூழலியல் நண்பர்கள் கேட்கப்போவது தெரியும்: 'அப்படியானால் திறந்துவிடலாமா?' திறந்துவிடச் சொல்லவில்லை. 1998, 2010, 2016 – கடல் சூடேறி இந்தப் பவளங்கள் வெளுத்துச் செத்த வருடங்கள். அதற்குப் பாசிக்காரிகள் பொறுப்பில்லை என்பதுபோலவே, அதை அவர்களால் நிறுத்தவும் முடியாது. வான் தீவு கரைந்து கரைந்து ஒரு துண்டாக ஆனபின், 2015இலிருந்து செயற்கைப் பாறைகளை இறக்கி அலையைத் தடுத்துப் பார்க்கிறார்கள். தீவு நிலைப்பது தெரிகிறது, செய்யட்டும். 2022இல் பாக் விரிகுடாவில் ஆவுளியாவுக்கென்று 448 சதுர கிலோமீட்டரில் ஒரு காப்பகம் அறிவித்திருக்கிறார்கள். அது தேசியப் பூங்கா வகையில் வரவில்லை, 'காப்பு ஒதுக்ககம்' என்ற வேறு வகை. மக்களின் உரிமைகளை அடியோடு பிடுங்காமலும் அறிவிக்க முடியும் என்பதற்குச் சட்டத்திலேயே வழி இருந்திருக்கிறது. அந்த வழியை மன்னார் வளைகுடாவில் இத்தனை வருடம் ஏன் யாரும் திறக்கவில்லை?

2006ஆம் வருடத்து வன உரிமைச் சட்டம், மீன் உள்ளிட்ட நீர்நிலைப் பொருட்கள்மீது சமூக உரிமையைப் பேசுகிறது. கடல் 'காடா' என்று கேட்பார்கள். காவல் காக்க வருவது வனத்துறை, போடுவது வனவுயிர்ச் சட்டம். பிடிக்கும்போது காடு, கேட்கும்போது கடலா? இதைச் சட்டம் தெரிந்த தோழர் யாராவது விரிவாக எழுத வேண்டும். பெயராராய்ச்சியில் எனக்குத் துணிச்சல் உண்டு, பிரிவு எண்களில் அவ்வளவு இல்லை.

அந்த அக்காவிடம் கிளம்பும்போது இருபத்தொன்றைப் பற்றிக் கேட்டேன். விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டே, 'ரெண்டுதான் முங்கிருச்சே, இன்னுமா எழுதுறாக?' என்றார். அப்புறம், 'சரி, இருக்கட்டும். பேரையாவது வச்சிருக்காகளே' என்று சொல்லிவிட்டுப் பாசியைப் புரட்டிப்போடப் போனார்.